ஒரே ஒரு எழுத்து மாறினால் மருந்து தோற்றுவிடுமா? மலேரியா புராஜெக்ட் பற்றி ஒரு சந்தேகம்

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ஆறு மாத புராஜெக்ட். மலேரியா ஒட்டுண்ணியின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் (இனிமேல் டி.எச்.எஃப்.ஆர். என்கிறேன்) என்சைமில் புது மூலக்கூறுகளை டாக்கிங் (கணினியில் பொருத்திப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் கைடு. லேப்டாப் இருந்தால் போதும், செலவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் துறையில் ஒரு நல்ல ஃப்ரீசர்கூடக் கிடையாது.

இதைப் பற்றிப் படிக்கப் போனபோது தாய்லாந்து உயிர்வேதியியலாளர் யோங்யுத் யுத்தவோங் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இந்த என்சைமை முடக்கும் பழைய மலேரியா மருந்தான பைரிமெத்தமின் ஏன் தோற்றது என்று அவர் குழு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. என்சைமின் 108ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியது அஸ்பராஜின் என்ற இன்னொன்றாக மாறுகிறது. மரபணுவில் ஏ.ஜி.சி. என்பது ஏ.ஏ.சி. ஆகிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு எழுத்து. அதற்கே மருந்து தடுமாறுகிறது என்றால், நான் லேப்டாப்பில் கண்டுபிடிக்கும் மூலக்கூறு மட்டும் எத்தனை நாள் தாங்கும்? அந்தக் குழுவே செய்த பி218 என்ற மூலக்கூறும் இப்படித்தானே ஒருநாள் தோற்கும்?

சீனியர் ஒருவர், "டி.எச்.எஃப்.ஆர். பழைய கஞ்சி, ஆர்டிமிசினின் பக்கம் போ" என்கிறார். கைடிடம் தலைப்பை மாற்றக் கேட்கலாமா? உண்மையில் மலேரியா ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். யூடியூப் பார்த்துச் சொல்பவர்கள் மன்னிக்கவும்.

---

ரூம்_நம்பர்_14 எழுதியது:

சீனியர் சொன்னதுதான் சரி. இன்றைக்குப் பேச்சே ஒட்டுண்ணியின் கெல்ச்-13 மரபணுதான். மேற்குக் கம்போடியாவில் இன்றைய முக்கிய மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் மெதுவாக வேலை செய்வதைப் பார்த்தார்கள், 2014இல் கெல்ச்-13 காரணம் என்று வந்தது, இப்போது ருவாண்டா, உகாண்டா வரை போய்விட்டது. நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள். பைரிமெத்தமின் என்றால் "அது எங்க தாத்தா காலத்து மருந்து ஆச்சே" என்பார்கள்.

---

பழைய_பிப்பெட் எழுதியது:

காவேரிக்கரை, உன் சீனியர் சொன்னது பாதி சரி. பைரிமெத்தமின் பழசுதான். ஹிட்சிங்ஸும் எலியனும் 1950 வாக்கில் செய்த மருந்து. அவர்களுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தபோது தாய்லாந்தில் அந்த மாத்திரையை நம்பி யாரும் ஃபால்சிபாரம் (ஆபத்தான மலேரியா வகை) காய்ச்சலுக்கு மருந்து எழுதவில்லை. ஆனால் மருந்து பழசாகிவிட்டது என்பதால் அந்த என்சைம் ஒட்டுண்ணிக்கு வேண்டாததாகிவிடுமா? இல்லையே. டி.என்.ஏ. கட்ட அதற்கு இன்றைக்கும் தைமிடைலேட் வேண்டும், அதற்கு ஃபோலேட் சுழற்சி ஓடியாக வேண்டும், அதை ஓட்டுவது இந்த என்சைம். இன்றைக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் அது போய் வருகிறது.

நான் யார் என்று கேட்பாய். பாங்காக்கில் மூன்று வருடம் மலேரியா வளர்த்தவள். நிஜமாகவே வளர்ப்பதுதான். ஓ குரூப் சிவப்பணு, ஊட்டத் திரவம், 37 டிகிரி. டிரேகரும் ஜென்சனும் 1976இல் காட்டிய வழி: கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து மூடிவிட வேண்டும். மெழுகுவர்த்தி அணையும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு கூடி, ஒட்டுண்ணிக்குப் பிடித்த காற்று ஆகிவிடும். கார்த்திகை தீபம் வருடத்துக்கு ஒரு தடவை, எங்களுக்குத் தினம். 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வெடித்துப் புது அணுக்களுக்குள் போகும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனால்கூட ஜீம்சா சாயம் படிந்த விரலோடுதான் போவேன். இப்போது காரைக்குடியில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். யோங்யுத் குழுவில் நான் இருந்ததில்லை. ஆனால் அந்த ஊரில் மலேரியா என்சைம் என்று வாயெடுத்தால் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

அவரைப் பற்றி இரண்டு வரி. 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலில் முனைவர் பட்டம், பிறகு ஊர் திரும்பி மகிடோல் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல். பின்னாளில் அறிவியல் அமைச்சர், துணைப் பிரதமர் என்று பெரிய நாற்காலிகளிலும் உட்கார்ந்தார். அது எனக்கு முக்கியமில்லை. எல்லோரும் "பைரிமெத்தமின் முடிந்தது, அடுத்த மருந்து எங்கே" என்று ஓடியபோது, தோற்ற இடத்திலேயே உட்கார்ந்து "ஏன் தோற்றது" என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதுதான் முக்கியம்.

இனி உன் கேள்வி. ஒரே எழுத்தா? முதல் படி ஒரே எழுத்துதான். ஆனால் அங்கேயே நிற்பதில்லை. 108 மாறிய பிறகு 51 அல்லது 59, கடைசியாக 164. ஒவ்வொரு படிக்கும் மருந்தின் பிடி தளரும். நான்கும் சேர்ந்தால் பல நூறு மடங்கு. தாய்லாந்தில் இந்த நான்கும் சேர்ந்த வகைதான் சாதாரணம்.

படிப்படியாகத்தான் வரும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம். டி.எம்.4 என்ற வகை, பைரிமெத்தமினுக்கு அடங்குகிற சாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் திடீரென்று எந்த அளவு மருந்துக்கும் அசையாமல் வளர்கிறது! என் மேற்பார்வையாளர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு எனக்கு மாம்பழமும் ஒட்டரிசியும் வாங்கிக் கொடுத்தார். மூன்று வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். பிறகு மரபணு வரிசை வந்தது. 51, 59, 108, 164, நான்கும் ஒரே மூச்சில் மாறியிருக்கின்றன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்குபேட்டரைத் திறந்து அதே அடுக்கில் இருந்த இன்னொரு குடுவையைக் காட்டினார். வி1/எஸ், நான்கு மாற்றமும் உள்ள வகை. எங்கேயோ ஒருநாள் நான் பிப்பெட் முனையை மாற்ற மறந்திருக்கிறேன். மருந்து போடப் போட சாது செத்து, எட்டிப் பார்த்த முரடன் குடுவையையே பிடித்துக்கொண்டான். இயற்கை ஒவ்வொன்றாகத்தான் மாற்றும், நான்கையும் ஒரே நாளில் மாற்றுவது என்னைப் போன்றவர்கள்தான். என் பெயரின் காரணமும் அதுவே.

அந்த மாற்றம் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். 2003இல் அந்தக் குழு இந்த என்சைமின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டது. சாதாரண வகை, மாறிய வகை இரண்டும். பார்த்தால் விஷயம் எளிது. பைரிமெத்தமின் விறைப்பான மூலக்கூறு. கட்டில் மாதிரி. கட்டிலை அறைக்குள் கொண்டுபோகும்போது நிலைக்கதவில் யாரோ ஒரு தடித்த கொக்கி அடித்து வைத்திருந்தால்? அந்தக் கொக்கிதான் 108இல் வந்த அஸ்பராஜின். செரினை விடப் பெரிசு. கட்டிலின் முனை (குளோரின் ஒட்டிய வளையம்) அதில் இடிக்கிறது. சுருட்டிய பாய் என்றால் கொஞ்சம் வளைந்து உள்ளே போய்விடும். டபிள்யூ.ஆர்.99210 என்ற பழைய மூலக்கூறு அப்படி வளையும், நான்கு மாற்றம் உள்ள வகையையும் கொல்லும். ஆனால் அதை வாய்வழியாகக் கொடுத்தால் உடம்பில் சரியாக ஏறவில்லை, வயிற்றையும் படுத்தியது. மருந்தாக முடியாமல், இப்போது ஒட்டுண்ணி மரபணுவில் கை வைக்கும் ஆய்வகங்களில் மட்டும் வேறு வேலைக்குப் பயன்படுகிறது. பாவம்.

பி218இன் சாமர்த்தியம் வளைவதோடு முடியவில்லை. இதை நன்றாகக் கவனி, உன் சந்தேகத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த என்சைமின் சொந்தச் சாப்பாடு டைஹைட்ரோஃபோலேட். அது உள்ளே உட்காரும்போது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அந்த எல்லையைத் தாண்டாமல் பி218 உட்காருகிறது. சாப்பாடு தன் வாலால் எந்த ஆர்ஜினினைப் பிடிக்கிறதோ (122ஆம் இடம்), அதே ஆர்ஜினினைத்தான் பி218இன் அமில முனையும் பிடிக்கிறது. வீட்டுக்காரர் நுழையும் அளவே உள்ள திருடன். திருடனைத் தடுக்க வாசலைக் குறுக்கினால் வீட்டுக்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான். பைரிமெத்தமினோ வீட்டுக்காரர் தொடாத ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நின்றது, ஒட்டுண்ணி அந்த மூலையை மட்டும் மாற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. 2012இல் இதை எழுதினார்கள். பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் கட்டச் சோதனை வரை அது போனது.

தோற்கவே தோற்காது என்று நான் சொல்லவில்லை. தோற்கடிக்க ஒட்டுண்ணி தன் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியிருக்கும் என்கிறேன்.

தலைப்பை மாற்றாதே. ஆனால் வெறும் டாக்கிங்கோடு நிற்காதே. எப்படி என்று நீ கேட்டால் சொல்கிறேன். கூடத்தில் ஆள் காத்திருக்கிறார்கள்.

---

நைட்_டியூட்டி எழுதியது:

நான் மருத்துவர், ஆய்வாளர் இல்லை. ரூம் நம்பர் 14 தம்பிக்கு ஒரு விஷயம். "தாத்தா காலத்து மருந்து" என்றீர்களே, இந்தியாவில் ஃபால்சிபாரத்துக்குக் கொடுத்து வந்த கூட்டு மருந்தில் ஆர்டிசுனேட்டோடு இருந்தது எது தெரியுமா? சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். வடகிழக்கு மாநிலங்களில் அது தோற்கத் தொடங்கியதால் 2013இல் அங்கே மட்டும் ஆர்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரினுக்கு மாற்றினார்கள். மற்ற மாநிலங்களில் பழைய கூட்டே தொடர்ந்தது. வடகிழக்கில் தோற்றதற்குக் காரணம் இந்தப் பெண் சொல்லும் அதே மாற்றங்கள்தான், கூடவே சல்ஃபடாக்சின் பக்கம் உள்ள என்சைமிலும்.

ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடுப்பாகக் கொடுப்பது இதே மாத்திரைதான். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே மழைக்காலத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் தடுப்புக் கூட்டிலும் இது உண்டு. தாத்தா இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

நம் பக்கம் பெரும்பாலும் விவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகைதான். அதற்குக் குளோரோகுயின், பிறகு கல்லீரலில் ஒளிந்திருப்பதைத் தீர்க்க 14 நாள் பிரைமாகுயின். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் பிரைமாகுயினை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்து அதே காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அது மருந்து எதிர்ப்பு இல்லை. மாத்திரை டப்பாவில் கிடக்கிறது, அவ்வளவே.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

பழைய_பிப்பெட் அம்மா, வீட்டுக்காரர் உவமை அழகு. ஆனால் வாசலைக் குறுக்கித்தான் திருடனைத் தடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? தாய்லாந்தில் 164 மாறிய வகைகளில் ஃபோலேட் தயாரிப்பின் முதல் படியில் இருக்கும் ஜி.டி.பி. சைக்ளோஹைட்ரோலேஸ் மரபணு ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகப் பெருகிக் கிடப்பதை 2008இல் காட்டியிருக்கிறார்கள். அதாவது டி.எச்.எஃப்.ஆர். மெதுவானால் மேலே இருந்து அதிகச் சரக்கைத் தள்ளிவிடுகிறது. வாசல் குறுகலா, பத்து வீட்டுக்காரரை அனுப்பு, இரண்டு பேராவது நுழைவார்கள். பி218க்கும் இதே தந்திரம் வராது என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று. மலாவியில் 1993இல் குளோரோகுயினை நிறுத்தினார்கள். சில வருடங்களிலேயே அந்த எதிர்ப்பு மரபணு மங்கி மறைந்தது. 2006இல் வெளியான சோதனையில் குளோரோகுயின் கொடுத்த 80 குழந்தைகளில் 79 பேருக்குக் குணம். அங்கே எதிர்ப்பு ஒட்டுண்ணிக்குச் சுமையாக இருந்தது, அதனால் இறக்கி வைத்தது. தாய்லாந்தில் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினைக் கைவிட்ட பிறகும் 164 போகவில்லையே? சுமையைத் தூக்க ஒட்டுண்ணி ஆள் வைத்துக்கொண்டது என்பதுதானே விளக்கம்?

---

பழைய_பிப்பெட் எழுதியது:

எதிர்க்கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். நான் அந்த மரபணுப் பெருக்கத்தை எழுதாமல் விட்டது தப்பு. பி218க்கும் அது வரலாம். ஆனால் ஒரு வித்தியாசம். கூடுதல் சரக்கு தள்ளுவதால் கிடைக்கும் தெம்புக்கு அளவு உண்டு. அது மெதுவான என்சைமை ஈடுகட்டும், மருந்து முழுக்க அடைத்துக்கொண்ட என்சைமை எவ்வளவு தூரம் ஈடுகட்டும்? என் கணக்கில் அது சில மடங்கு எதிர்ப்பு. பல நூறு மடங்கு எதிர்ப்புக்கு என்சைமே மாற வேண்டும். இது என் கருத்து, நீங்கள் மாறுபடலாம்.

மலாவி உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே சோதனையில் இன்னொரு பாதிக் குழந்தைகளுக்குக் கொடுத்தது சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். குணமானவர்கள் நூற்றுக்கு 21. குளோரோகுயினுக்குப் பதிலாக 1993இல் வந்த மருந்து அது! அந்த எதிர்ப்பும் அங்கேயே முளைத்ததல்ல. ஆப்பிரிக்காவில் பரவிய, மூன்று இடங்களில் மாறிய டி.எச்.எஃப்.ஆர். மரபணுவின் அக்கம்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது தென்கிழக்கு ஆசிய வம்சம் என்று 2004இல் தெரிந்தது. நாங்கள் பாங்காக்கில் குடுவையில் வைத்திருந்தவற்றின் பங்காளிகள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. ருவாண்டாவின் கெல்ச்-13 மாற்றம் அப்படிப் போனதல்ல, அங்கேயே பிறந்தது. அதனால்தான் ரூம் நம்பர் 14 சொல்வதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கெல்ச்-13 இருக்கிறதே, அது ஒட்டுண்ணிக்குள் என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளவே ஒரு பெரிய ஆய்வகம் வேண்டும். ஃப்ரீசர் இல்லாத துறையில் ஆறு மாதத்தில் தொடக்கூடியது டி.எச்.எஃப்.ஆர்.

---

காவேரிக்கரை எழுதியது:

அக்கா, உங்கள் கட்டில்-பாய் கதையைக் கைடிடம் அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்த அம்மாவிடம் ஃப்ரீசர் இல்லாமல் என்ன செய்யலாம்னு கேளு" என்றார். தலைப்பு மாறவில்லை. டாக்கிங் தவிர என்ன செய்யலாம் என்று சொல்கிறேன் என்றீர்களே? எங்களிடம் ஈ.கோலை பாக்டீரியா, லாமினார், ஷேக்கர், ஒரு பழைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் உண்டு. மலேரியா வளர்க்க வழியே இல்லை.

---

பழைய_பிப்பெட் எழுதியது:

மலேரியா வேண்டாம்மா. ஈ.கோலையே போதும். இதுவும் அந்தத் தாய்லாந்துக் குழு பயன்படுத்திய வழிதான். டிரைமெத்தோபிரிம் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து ஈ.கோலையின் சொந்த டி.எச்.எஃப்.ஆரை முடக்கும், மலேரியாவின் டி.எச்.எஃப்.ஆரை அந்த அளவுக்குத் தொடாது. ஆக, மலேரியா மரபணுவைப் பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம்) ஏற்றிய ஈ.கோலை டிரைமெத்தோபிரிம் தட்டில் பிழைக்கும், ஏனென்றால் அது மலேரியா என்சைமை நம்பி வாழ்கிறது. அந்தத் தட்டிலேயே பைரிமெத்தமினையும் சேர். சாதாரண மரபணு உள்ளது சாகும், மாறியது வளரும். ஒரு வாரத்தில் கண்ணால் பார்க்கலாம். உன் டாக்கிங்கில் முதலில் வந்த மூலக்கூறு கடையில் கிடைத்தால் அதையும் இதே தட்டில் போட்டுப் பார். லேப்டாப் சொன்னதை ஈ.கோலை ஒப்புக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒப்புக்கொள்ளாது. அதையும் எழுது.

சில விஷயங்களில் ஏமாறாதே.

மரபணுவை ஒட்டுண்ணியில் இருக்கிறபடியே எடுக்காதே. அதன் மரபணுத் தொகுப்பில் நூற்றுக்கு 80 ஏ-யும் டி-யும்தான், ஈ.கோலை திணறும். ஈ.கோலைக்கு ஏற்றபடி எழுதிய செயற்கை மரபணுவாகக் கேள். தட்டுக்கு எல்.பி. ஊடகம் வேண்டாம். அதில் தைமிடின் இருக்கும், பாக்டீரியா அதைத் தின்று டிரைமெத்தோபிரிமை ஏமாற்றிவிடும், நீ எதிர்ப்பு என்று நினைத்துச் சந்தோஷப்படுவாய். என் மாம்பழக் கதை ஞாபகம் இருக்கட்டும். எம்9 மாதிரி எளிய ஊடகம் போதும்.

டாக்கிங்குக்கு என்சைம் அமைப்புகளின் தரவுத்தள எண்கள்: 1ஜே3ஐ சாதாரண வகை, 1ஜே3கே நான்கும் மாறிய வகை. இரண்டிலும் செய், ஒன்றில் மட்டும் செய்தால் பயனில்லை. தண்ணீர் மூலக்கூறுகளைத் துடைக்கும்போது கூடவே என்சைமுக்குள் துணையாக உட்காரும் என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறையும் துடைத்துவிடாதே. நிறையப் பேர் செய்யும் தப்பு. அது இல்லாத இடத்தில் உன் மூலக்கூறு போய்ப் படுத்துக்கொள்ளும், மதிப்பெண் பிரமாதமாக வரும், எல்லாம் பொய்.

அந்தப் பழைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் 340 நானோமீட்டர் காட்டுமா என்று முதலில் பார். காட்டினால் என்சைமையே பிரித்து, என்.ஏ.டி.பி.எச். குறைவதைப் பார்த்து அளக்கலாம். காட்டாவிட்டால் தட்டோடு நில்.

கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் எழுதி வாங்கிக்கொள். தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்யாமல் குப்பையில் போடாதே, டிரைமெத்தோபிரிமுக்கு அடங்காத ஈ.கோலை அது.

---

காவேரிக்கரை எழுதியது:

340 காட்டுகிறது அக்கா! விளக்கு மட்டும் பத்து நிமிடம் சூடாக வேண்டும். செயற்கை மரபணுவுக்கு எங்கே கேட்கலாம் என்று கைடு விசாரிக்கிறார். டிரைமெத்தோபிரிம் பொடி இன்றைக்கு வந்தது. தண்ணீரில் போட்டுக் கலக்கினேன், மணல் மாதிரி அடியில் நிற்கிறது. கெட்டுப்போன சரக்கா?

---

பழைய_பிப்பெட் எழுதியது:

சரக்கு நல்ல சரக்குதான். அது தண்ணீரில் கரையாது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துக்கொள், மருந்தில்லாத தட்டுக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஊற்று. பிப்பெட் முனையை மாற்று.